வைட்டமின் குறைச்சல்

ஜனவரி 11

தம்பிக்கு,

பார்சல் வந்தது. அதே பழுப்பு டப்பா, அதே ரப்பர் பேண்டு, உள்ளே அதே துண்டுத்தாள்: "தினம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்." எப்படி இருக்கிறாய் என்று கேட்க உனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமாவது முகம் பார்த்துப் பேசுவாய். நான் அதற்கும் கீழே போய்விட்டேன் போலிருக்கிறது.

எழுதக் காரணம் அதுவல்ல. நேற்று அம்மா பக்கத்து வீட்டு ஃபோனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். சித்தி மகள் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்று அவளுக்கு ஆற்றாமை. "வைட்டமின் குறைச்சலுக்கா ஒருத்தி தங்கச்சி கல்யாணத்துக்கு வராம இருப்பா? ஊர் உலகத்துல இல்லாத வைட்டமினா உனக்குக் குறைஞ்சு போச்சு?" என்று கேட்டாள். கல்யாணம் நடந்ததே எனக்குத் தெரியாது.

நாலு வருடமாக இதைத்தான் சொல்லி வைத்திருக்கிறாயா? பெரியவளுக்கு வைட்டமின் ஏ குறைவு, கண் மங்கல், பயணம் கூடாது, அவளைப் பார்க்கவும் யாரும் போகக்கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்திருக்கிறேன். நீ ஒரு ஆளையே மறைத்திருக்கிறாய்.

எனக்கு இருப்பது எச்.ஐ.வி. அத்தான் விட்டுவிட்டுப் போனது. அவர் இறந்த வருடத்திலிருந்து ஆஸ்பத்திரி மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறேன். கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது என்று டாக்டரம்மா சொல்கிறாள். யூனிஃபார்ம் கம்பெனியில் காலர் தைக்கிறேன். என் காலர் கோணி ஒரு சட்டை திரும்பி வந்ததில்லை. படுத்துக் கிடக்கவில்லை. ஒரு பேருந்து ஏறினால் வந்துவிடலாம்.

வீட்டு ஃபோனில் பேசாதே, என் மனைவி ஸ்பீக்கரில் போடுவாள், கடை முகவரிக்கு எழுது என்றாய். எழுதிவிட்டேன். அம்மாவிடம் நீயே உண்மையைச் சொல்லிவிடு. நான் சொன்னால் நீ பொய்யன் ஆகிவிடுவாய்.

அக்கா

ஜனவரி 19

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடைப் பையன்கள் இருக்கும்போது வந்தது. இனி உறையின் மேல் அனுப்புநர் பெயர் எழுத வேண்டாம்.

நான் சொன்னது பொய் அல்ல. நாலு வருடத்துக்கு முன் நீ காய்ச்சலும் இருமலுமாக இருந்தபோது, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லேபில் உனக்கு ரத்தம் எடுக்க வைத்தேனே, அதில் வைட்டமின் ஏ குறைவு என்றுதான் வந்தது. காகிதம் என்னிடம் இருக்கிறது. உன் மாதிரி விஷயம் உள்ளவர்களுக்கு இந்த வைட்டமின் குறையக் குறைய அது வேகமாக முற்றுகிறது என்று நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அதாவது அதை ஏற்றி வைத்தால் இதை நிறுத்தி வைக்கலாம். இது ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு அவர்கள் மாத்திரையைக் கொடுத்து அனுப்பினால் போதும். நான் பன்னிரண்டு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன்.

அம்மாவிடம் சொல்லு என்கிறாய். சொல்லிவிட்டு? அம்மாவுக்குத் தெரிந்தால் சித்திக்குத் தெரியும். சித்திக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். அப்புறம் என் கடையில் தலைவலி மாத்திரை வாங்கக்கூட ஆள் வராது. வீட்டில் என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும், அவளும் குழந்தைகள் இருக்கிற வீடு என்று பயப்படுகிறாள். கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிடாதது எனக்குச் சந்தோஷமா? பந்தியில் யாராவது எழுந்து போயிருந்தால் உனக்குத்தான் அவமானம். உனக்காகத்தான் செய்தேன்.

இந்த முறை இரண்டு டப்பா அனுப்புகிறேன். இனிமேல் தினம் இரண்டு. ஆஸ்பத்திரியில் இதைச் சொல்ல வேண்டாம். சொன்னால் வேண்டாம் என்பார்கள்.

தம்பி

மார்ச் 8

தம்பிக்கு,

நீ அம்மாவிடம் சொல்லவில்லை என்பது தெரியும். போன வாரம் பேசினபோது கண்ணுக்குக் கேரட் சாப்பிடச் சொன்னாள்.

அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். இப்போது எழுதுவது வேறு. எனக்கு உடம்பு சரியில்லை.

தலைவலி. காலையில் எழுந்ததும் பின்மண்டையில் ஆரம்பித்து, குனிந்தால் கண் வெளியே வந்து விழுந்துவிடும் போல இருக்கிறது. உதடு வெடித்து உரிகிறது. உள்ளங்கையிலும் தோல் உரிகிறது, காலர் துணியில் ஒட்டுகிறது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. முழங்கால் எலும்பில் யாரோ உள்ளேயிருந்து தட்டுகிற மாதிரி ஒரு வலி. சாப்பாட்டைக் கண்டால் குமட்டல்.

போன திங்கட்கிழமை மெஷினில் இரண்டு ஊசி தெரிந்தது. எது நிஜ ஊசி என்று பார்த்துக் கை வைப்பதற்குள் விரலில் இறங்கிவிட்டது. ரத்தம் துணியில் படக்கூடாது என்று ஓடின ஓட்டம் எனக்குத்தான் தெரியும். சூப்பர்வைசர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலர் லைனிலிருந்து எடுத்து, நூல் வெட்டுகிற மேசையில் உட்கார வைத்துவிட்டார். நேற்று சேர்ந்த பெண்கள் உட்காருகிற இடம் அது.

அத்தானுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சாப்பாடு போயிற்று, அப்புறம் முடி, அப்புறம் ஆள். தம்பி, இது அதுதானா? நீ படித்ததாகச் சொன்னாயே, முற்றுகிறது என்று, அது இப்படித்தான் இருக்குமா? உன் மேல் எனக்கு ஆயிரம் கோபம் இருக்கிறது. ஆனால் கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஒரு நாள் வந்துவிட்டுப் போ. வாசலில் நின்றே பார்த்துவிட்டுப் போனாலும் சரி.

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

கடிதம் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. தைரியமாக இரு.

யோசித்துப் பார்த்தேன். இது அந்த ஆஸ்பத்திரி மாத்திரையின் வேலை. அவை கடுமையான மருந்துகள், வயிற்றையும் ஈரலையும் கெடுக்கும், தூக்கத்தையும் தலையையும் கெடுக்கும். வருடக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு தாங்குமா? ஒரு மாதம் நிறுத்திப் பார். தலைவலி விட்டால் நான் சொன்னது சரி. வைட்டமினை மட்டும் விட்டுவிடாதே. முடி கொட்டுவது, தோல் உரிவது எல்லாம் சத்துக் குறைவின் அடையாளம்தான். இப்போதுதான் அது உனக்கு அதிகம் தேவை. மூன்றாக ஆக்கு. டப்பாக்கள் அனுப்பியிருக்கிறேன்.

வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. கடையில் வருடக் கடைசி சரக்குக் கணக்கு நடக்கிறது. முடிந்ததும் பார்க்கிறேன்.

அம்மா உன்னை விசாரித்துக்கொண்டே இருக்கிறாள். கண் டாக்டரிடம் போயிருக்கிறாய் என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பி

மே 2

தம்பி,

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டால்தான் வரி ஒன்றாகத் தெரிகிறது. எழுத்து கோணினால் கோணட்டும்.

நீ சொன்னபடி செய்தேன். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தினேன். உன் மாத்திரையை மூன்றாக்கினேன். தலைவலி விடவில்லை. இன்னும் சில நாளில் விடும், இன்னும் சில நாளில் விடும் என்று ஏப்ரல் முழுக்கத் தள்ளினேன். கம்பெனியில் நூல் வெட்டிக்கொண்டிருந்தபோது மேசை மேலேயே வாந்தி எடுத்து விழுந்தேன். என்னை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தது, துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷின்காரி. அவளை நாங்கள் ஓவர்லாக் என்றே கூப்பிடுவோம். என் வியாதி என்ன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் மத்தியானம் என் சோற்றுப் பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் பயந்துபோனாள். தலையைப் படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மண்டைக்குள் நீரின் அழுத்தம் ஏறி, கண் நரம்பு வீங்கியிருக்கிறது. ஈரலும் வீங்கியிருக்கிறது. ஆனால் தேடின கிருமி எதுவும் மூளையில் இல்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றேன். எதற்கு என்று கேள். தம்பி மருந்துக்கடை வைத்திருக்கிறான், அவன் பெயர் கெட்டுவிடக்கூடாது என்று.

ஓவர்லாக்தான் என் அறைக்குப் போய், அலமாரியிலிருந்த டப்பாக்களையெல்லாம் துணிப்பையில் அள்ளிவந்து கட்டிலில் கொட்டினாள். டாக்டரம்மா ஒன்றை எடுத்து லேபிளைப் படித்தாள். பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை யார் கொடுத்தது?"

"என் தம்பி."

"உங்களுக்கும் தம்பிக்கும் சொத்துத் தகராறு ஏதாவது இருக்கா?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

உன்னுடைய வைட்டமின்தான் எனக்கு விஷமாகியிருக்கிறது. வேண்டாத சத்தெல்லாம் சிறுநீரில் போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். இது போகாதாம். ஈரலில் ஏறி உட்கார்ந்துகொண்டே போகுமாம். முடி கொட்டியது அது. தோல் உரிந்தது அது. எலும்பு வலித்தது, ஊசி இரண்டாகத் தெரிந்தது, எல்லாம் அது. குறைந்ததற்கு அடையாளம் என்று நீ எழுதினாயே, அதெல்லாம் மிஞ்சிப் போனதற்கு அடையாளம்.

அந்த லேப் காகிதத்தைப் பற்றியும் கேட்டேன். உடம்பு கிருமியோடு சண்டை போடும்போது ரத்தத்தில் இந்தச் சத்து தானாக இறங்குமாம். காய்ச்சல் அடித்தால் நல்ல உடம்புள்ளவனுக்கும் இறங்குமாம். நோய் முற்றுகிறவர்களுக்கு அது குறைந்திருப்பது உண்மைதான். அதற்காக அதை அள்ளிக் கொட்டினால் நோய் நின்றுவிடாது என்றாள். "கடிகாரத்து முள்ளைத் திருப்பி வெச்சா பொழுது விடிஞ்சிடுமாம்மா?" என்று கேட்டாள். நிஜமாகவே குறைந்தவர்களுக்குக் கொஞ்சம் கொடுப்பதுண்டு, அதற்கும் அளவு உண்டு, பார்த்துத்தான் கொடுப்பார்களாம்.

ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தினேன் என்றபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அடங்கிக் கிடந்தது எழுந்துவிட்டது. இந்த முறை பரிசோதனையில் தெரிகிறது. பழைய மாத்திரைக்கே மறுபடி அடங்குமா, வேறு மாற்ற வேண்டுமா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

படுத்துக்கொண்டு ஒன்றைத்தான் யோசிக்கிறேன். வைட்டமின் என்ற சொல்லை நீ வீட்டில் சொல்லலாம், அம்மா காதில் விழலாம், கடையில் பேசலாம். என் வியாதியின் பெயரை நீ ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை. "உன் விஷயம்" என்கிறாய், "அது" என்கிறாய். சொல்ல முடிந்த பெயருக்கு மருந்து கொடுத்தாய். சொல்ல முடியாததற்கு இருந்த மருந்தை நிறுத்தச் சொன்னாய். உன் பொய்யை நீயே நம்பிவிட்டாய் தம்பி, அதை என்னையும் விழுங்க வைத்தாய்.

அக்கா

மே 9

அக்காவுக்கு,

சொத்துத் தகராறா? அப்படிக் கேட்ட டாக்டரிடம் நீ என்ன பதில் சொன்னாய்? எழுதவில்லையே. சும்மா இருந்தாயா?

நான் உன்னைக் கொல்லப் பார்த்தேனா? அத்தான் போனபோது அவர் வீட்டு ஆட்கள் உன் துணிமணியைத் தெருவில் வைத்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உனக்கு அறை பார்த்துக் கொடுத்தது யார்? மாதம் தவறாமல் பார்சல் கட்டியது யார்? உன்னைக் கெடுத்தவர் அத்தான். அவர் படத்தை மாட்டி வைத்திருக்கிறாய். எனக்கு மட்டும் இவ்வளவு நீளக் கடிதம்.

வைட்டமினால் ஒருவர் சாவதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த டாக்டர் தங்கள் மாத்திரையின் தவறை என் மேல் போடுகிறாள். உன்னைப் போல் விஷயம் உள்ள மூன்று பேர் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். வெளியே சொல்ல முடியாமல் என்னிடம் வந்து நிற்கிறவர்கள். அவர்களுக்கும் இதையேதான் கொடுக்கிறேன். அவர்கள் யாரும் வந்து என்னைத் திட்டவில்லை.

உன் கடிதத்தை வீட்டில் என் மனைவி பார்த்துவிட்டாள். இரண்டு நாளாக வீடு வீடாக இல்லை. கொஞ்ச காலம் எழுதாதே. பார்சலும் இனி வராது. உனக்கு அதுதானே வேண்டும்?

தம்பி

மே 14

தம்பிக்கு,

அத்தான் மேல் நான் பட்ட கோபத்தை அவர் உயிரோடிருந்தபோதே அவரிடம் பட்டுத் தீர்த்துவிட்டேன். அதை நீ கடன் வாங்காதே. உன் மேல் பட வேண்டியது நிறைய இருக்கிறது.

அந்த மூன்று பேர் யார்?

உன் கடிதத்தில் மற்றதெல்லாம் எனக்குக் காற்றில் போய்விட்டது. அந்த ஒரு வரி மட்டும் நிற்கிறது. அவர்களுக்கு எத்தனை கொடுக்கிறாய்? எவ்வளவு நாளாக? அவர்களையும் ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தச் சொன்னாயா? அவர்கள் உன்னைத் திட்ட வரவில்லை என்றால் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தமா? நானும்தான் ஏப்ரல் முடியும் வரை உன் மாத்திரைக்காகத் திட்டவில்லை. தலைவலி வந்தால் சாவு வருகிறது என்று நினைத்து வீட்டுக்குள் படுத்திருப்பார்கள். அவர்களுக்கு ஓவர்லாக் மாதிரி ஒருத்தி இருக்கிறாளா?

போய்ப் பார். கடையை மூடிவிட்டுப் போ.

இன்னொன்று. அம்மாவுக்கு எழுதிவிட்டேன். கடைக்கு இல்லை, வீட்டு முகவரிக்கு. என் பெயரை உறை மேல் பெரிதாக எழுதியிருக்கிறேன். வியாதியின் பெயரை உள்ளே எழுதியிருக்கிறேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதை நீ நம்ப மாட்டாய்.

அக்கா

மே 23

அக்கா,

அம்மா அங்கே வந்தாளா? நேற்று விடியும்போது பையோடு கிளம்பியிருக்கிறாள். உன் ஃபோன் அணைந்திருக்கிறது. இந்தக் கடிதத்தை உன் ஊர்ப் பேருந்து டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். வந்திருந்தால் உடனே சொல்லு.

நீ செய்தது சரியா என்று நான் கேட்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நான் கடையிலிருந்து வந்தபோது அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் உன் கடிதம். "இதுல மூணு எழுத்து எழுதியிருக்காளே, அது என்னடா?" என்று என்னைக் கேட்டாள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது. கடைசியில் சமையலறை வாசலில் நின்றுகொண்டு என் மனைவிதான் சொன்னாள், அது எந்த வியாதி என்று.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அது ஒட்டிக்குமா?" என்று கேட்டாள்.

"ஒட்டாது" என்றேன்.

"தொட்டா?"

"தொட்டா ஒட்டாது."

"கூட உக்காந்து சாப்பிட்டா?"

"இல்லம்மா."

"அப்ப எதுக்குடா நாலு வருஷமா என்னைப் போகவிடலை?"

கடையில் தினம் பத்துப் பேருக்குப் பதில் சொல்கிறவன் நான். கூடத்தில் குழந்தைகள் நின்றார்கள். என் மனைவி அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அம்மா அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. காலையில் ஆளைக் காணோம்.

அவளுக்குத் தனியாகப் பேருந்தில் போய்ப் பழக்கமில்லை. தயவுசெய்து உடனே தகவல் சொல்லு.

தம்பி

மே 30

தம்பிக்கு,

அம்மா இங்கேதான் இருக்கிறாள். ஓவர்லாக் உனக்கு ஃபோன் செய்து சொன்னாள் என்று தெரியும். மற்றதை நான் எழுதுகிறேன்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் கதவைத் தட்டினாள். வந்ததும் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தால், கன்னத்தில் ஒன்று வைத்தாள். "அவன் சொன்னா சொல்றான், நீ ஏன்டி வாயை மூடிக்கிட்டு இருந்தே? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதா? நான் செத்தா போயிட்டேன்?" என்று கேட்டாள். அதற்கப்புறம்தான் என் தலையைப் பார்த்தாள், முடி போன இடத்தை. அப்போது அழுதாள். உன் மேல் மட்டும் கோபம் என்று நினைத்துவிடாதே. இரண்டு பேர் மேலும் சமமாகத்தான் இருக்கிறாள். எனக்குக் கையால் கிடைத்தது, உனக்கு முகம் திருப்பிக் கிடைக்கிறது.

கண் பற்றிக் கேட்டிருந்தாயாம் ஓவர்லாக்கிடம். வீக்கம் இறங்குகிறது. ஊசி ஒன்றாகத் தெரிகிறது. ஆனால் இடது கண்ணின் ஓரம் திரும்பவில்லை, இனித் திரும்பாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். காலர் லைனுக்கு நான் இனிப் போக முடியாது. பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள், சட்டை மடிக்கிறேன். அதே சம்பளம் இல்லை, அதே மரியாதையும் இல்லை. காலர் முனையைக் குத்தித் திருப்பும்போது ஊசி மாதிரி நிற்குமே, அது என் கை. அந்தக் கையை நீ எடுத்துக்கொண்டாய். கிருமி பழைய மாத்திரைக்கே அடங்கத் தொடங்கியிருக்கிறது. அதை மட்டும் எனக்கு விட்டு வைத்தாய்.

வருத்தம் தெரிவித்து எழுதாதே. நான் படிக்க மாட்டேன். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அந்த மூன்று பேர்?

நீ போகவில்லை என்றால் உன் ஊர்ப் பேருந்தில் நான் ஏறுவேன். உன் கடை வாசலில் நின்று, வருகிறவர்களையெல்லாம் விசாரிப்பேன். சும்மா சொல்வதாக நினைக்காதே.

அக்கா

ஜூன் 17

அக்காவுக்கு,

போனேன். மூன்று பேரிடமும் போனேன்.

முதல் ஆள் குளிர்பதனக் கிடங்கின் காவலாளி. கிடங்கு வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு நீ எழுதின மாதிரியே உரிந்திருந்தது. தலைவலியா என்று கேட்டேன், பிப்ரவரியிலிருந்து என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். என் அக்காவுக்கு எச்.ஐ.வி., அவளுக்கும் இதையே கொடுத்தேன், அவளுக்கு இப்படி ஆகிவிட்டது என்றேன். "அப்ப எனக்கு இது முத்தலையா?" என்று கேட்டார். இல்லை, மாத்திரையால் என்றேன். எழுந்து என் சட்டையைப் பிடித்துவிட்டார். இனிமேல் நாள் இல்லை என்று நினைத்து மகளிடம் எல்லாம் சொல்லி, அவளுக்கு அவசரமாக ஒரு இடம் பார்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டாராம். படித்துக்கொண்டிருந்த பெண். "அதைத் திருப்பிக் குடுடா" என்றார். அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் வந்தார். கண் பிழைத்துவிட்டது.

இரண்டாவது ஒரு டியூஷன் வாத்தியார். அவர் மாத்திரையைச் சாப்பிடவே இல்லை. வேண்டாம் என்று சொன்னால் என் மனசு நோகும் என்று வாங்கி மேசை டிராயரில் போட்டு வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரி மாத்திரையையும் நிறுத்தவில்லை. என்னை மதிக்காத ஒரே ஆள் பிழைத்திருக்கிறார்.

மூன்றாவது, தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். வீட்டில் அவர் மனைவிதான் இருந்தாள். அவர் ஏப்ரலில் போய்விட்டாராம். வாந்தி, மயக்கம், நினைவில்லாமல் கிடந்து. எனக்குத் தெரியாது அக்கா. அவர் வியாதியால் போனாரா, என்னால் போனாரா என்று இனி யாருக்கும் தெரியாது. நான் வாசலில் நின்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து நன்றி சொன்னாள். "யாரும் எட்டிப் பாக்கலை, நீங்கதான் கடைசி வரைக்கும் மருந்து குடுத்தீங்க" என்றாள்.

நான் சொல்லாமல் வந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் படுத்தால் கண் மூடவில்லை. செத்தவரைப் பற்றிச் சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் மத்தியானம் கடையை மூடிவிட்டுத் திரும்பப் போனேன். அப்போதுதான் பார்த்தேன், ஜன்னல் திட்டில் என் டப்பா இருந்தது. திறந்திருந்தது. மிச்ச மாத்திரையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "வீணாப் போகக் கூடாதுன்னு நான் சாப்பிடுறேன். எனக்கும் அதுதானே" என்றாள்.

அவள் எந்த ஆஸ்பத்திரிக்கும் போனதில்லை. ரத்தம் பார்த்ததில்லை. புருஷனுக்கு இருந்ததால் தனக்கும் இருக்கும் என்று அவளாக முடிவு செய்திருக்கிறாள். அந்த டப்பாவை மட்டும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவள் திட்டினாள். அந்தச் சொற்களை எழுத முடியாது. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். என்ன வியாதி, எந்தக் கடை, யார் தம்பி, எல்லாம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. இப்போது கடைக்கு வருகிறவர்கள் குறைவு. என் மனைவி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள், வருவாளா என்று தெரியவில்லை.

ஆபரேட்டர் மனைவியை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். என் நிழல் பட்ட இடத்துக்கு வரமாட்டேன் என்கிறாள். இந்த ஊர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகவும் பயம், எல்லோரும் பார்ப்பார்கள் என்று. நான் என்ன செய்ய?

தம்பி

ஜூன் 21

தம்பிக்கு,

அவளை இங்கே அனுப்பு. என் ஆஸ்பத்திரிக்கு வரட்டும். இங்கே அவளை யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை ரத்தம் பார்க்கிற நாள். நீ கொடுத்த நம்பரில் ஓவர்லாக் இன்று அவளுக்கு ஃபோன் செய்து பேசிவிட்டாள். பேருந்து நிலையத்தில் அம்மா காத்திருப்பாள். உன் நிழல் படாத ஆளாக அம்மாதான் இருக்கிறாள் இப்போது.

அவளுக்குக் கிருமி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரத்தம் பார்த்தால்தான் தெரியும். இருந்தால் அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்துவிடுவார்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அந்த டப்பாவையும் அவள் எடுத்து வரவேண்டும். எத்தனை சாப்பிட்டாள், எத்தனை நாளாக என்று நீயும் நேரில் சொல்ல வேண்டும். அவளுக்குக் கணக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அவள் வருகிற பேருந்தில் ஏறாதே, அடுத்த பேருந்தில் வா.

அம்மா உன்னோடு பேசமாட்டாள். நானும் பேசமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். டாக்டரம்மா கேட்கிறதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போ.

எனக்கு உன் மேல் கோபம் ஆறவில்லை. எப்போது ஆறும் என்று எனக்கே தெரியாது. அது ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அவளுக்கு நேரம் போய்விடும். வா.

அக்கா